வற்றுகிற குளம்

கொங்கணத்துப் பாறை மேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் சோனுபாய்க்கு ஒரே ஓர் எதிரிதான். மாமியார் அல்ல, அந்தம்மாள் நல்லவள். வீட்டுக்கு எதிரே கிடந்த குளம்தான் எதிரி. மழைக்காலம் முழுக்கத் தளும்பி நிற்கும். தீபாவளி முடிந்த கையோடு வற்றிப்போகும். அப்புறம் அடுத்த மழை வரை, எருமைகளுக்கும் மனிதர்களுக்கும் பள்ளத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்க வேண்டும். மேடு ஏறும்போது அவள் குளத்தைத் திட்டுகிற திட்டுக்கு எருமைகளே திரும்பிப் பார்க்கும்.

அவள் புருஷன் சக்காராமுக்கோ அந்தக் குளம்தான் கண். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும். ஆனாலும் மேய்ச்சலை விடவில்லை. மழை மாதங்களில் மேட்டில் மூடுபனி இறங்கினால் கண்ணுள்ளவனுக்கே வழி தெரியாது. மேட்டின் விளிம்போ செங்குத்து. சாயங்காலமானால் குளத்துத் தவளைகள் மொத்தமாகக் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வீடு வந்து சேருவான். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை. அடுப்பு எரிந்தது, தவளை கத்தியது, அவன் வந்தான்.

ஒரு கோடையில் கொழுந்தன் மஹாது கல் வெட்டும் இயந்திரத்தோடு வந்து நின்றான்.

"அண்ணி, நீங்க திட்டுறது கீழ் ஊரு வரைக்கும் கேக்குது. குளத்த ஆழமாக்கித் தர்றேன், வாயைக் கொஞ்சம் மூடுவீங்களா?"

"தண்ணி நின்னா மூடுறேன். நிக்கலைன்னா முதல் திட்டு உனக்குத்தான்டா."

நின்றது. நடுவில் ஆள் உயரத்துக்கு வெட்டி, களிமண் பூசி, வடிகாலையும் அடைத்ததில் ஒரு மழையின் நீர் அடுத்த மழை வரை வற்றவே இல்லை. வெட்டிய வருஷத்து முதல் மழையில் ஆற்று மீன்கள் முட்டையிட ஓடைகளில் ஏறி வந்தபோது, ஊரே கூடையோடு இறங்கியது. பிரசவத்துக்கு வந்திருந்த அவர்கள் மகள் அப்போது நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சினை மீனை அறுப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அவன் தன் பங்கு விரால்களைக் குடத்தில் தூக்கி வந்து புதுக் குளத்தில் விட்டான்.

"இதுங்களும் நம்ம பொண்ணு மாதிரிதானே? பெத்துப் பொழைக்கட்டும்" என்றான்.

அதன்பின் சோனுபாய்க்கு நல்ல காலம். குடம் தலையை விட்டு இறங்கியது. முழங்கால் வலியும் விட்டது. எந்நேரமும் தண்ணீர் இருந்ததால் கொக்கு வந்தது, தண்ணீர்ப்பாம்பு வந்தது, மீன்கொத்தி வந்தது. மீன்கொத்தியை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மழை முடியும்போது கரையில் பூக்கிற குட்டி நீலப் பூக்கள் காணாமல் போனதை அவள் கவனிக்கவில்லை. தவளைச் சத்தம் வருஷத்துக்கு வருஷம் இளைத்ததையும் கவனிக்கவில்லை. கவனித்தவன் சக்காராம். குளத்தைக் குறை சொன்னால் குடம் மறுபடியும் அவள் தலைக்கு ஏறுமே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் எருமைகள் வந்தன, அவன் வரவில்லை.

மஹாதுவும் ஆட்களும் தேடிப்போனார்கள். வழிதவறிய கன்றைத் தேடிப் போனவன், விளிம்புக்குப் பக்கத்திலேயே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சோனுபாய் அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"தவளை கத்தும்னு காத்துக்கிட்டிருந்தேன் சோனு. ஒண்ணும் கத்தல."

சில நாள் கழித்து மழை ஓய்ந்தது. எருமைக் குளம்பு பதிந்த சின்னக் குழியில் நீர் வற்றிக்கொண்டிருக்க, அதில் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. இவ்வளவு பெரிய குளம் பக்கத்தில் இருக்க இதுகள் ஏன் காய்ந்து சாக வேண்டும்? அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் குளத்தில் விட்டாள். விட்ட இடத்தில் தண்ணீர் கலங்கியது. விரால்கள். அவள் கை ஈரம் காய்வதற்குள் ஒரு தலைப்பிரட்டை மிச்சமில்லை.

அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வற்றுகிற குளத்தில் மீன் பிழைக்காது. அதனால்தான் தவளை பிழைத்தது. தான் இத்தனை காலம் திட்டியது எதை என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

"குளத்தத் தூத்துடச் சொல்லப் போறேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"பைத்தியமா உனக்கு? முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"என் முழங்கால் எங்கிட்டயேதான் இருக்கும். நீங்க இருக்கணுமே. மீனக் கொண்டுவந்து விட்டது நீங்கதானே? கொண்டுபோய் விடுறதும் நீங்கதான்."

கோடையில் மஹாது தலையில் அடித்துக்கொண்டே வந்து அடைப்பை உடைத்தான். குழியைக் கல் சல்லியால் நிரப்பினான். விரால்கள் குடத்திலேயே ஆற்றுக்குத் திரும்பிப்போயின. மீன்கொத்தியும் போய்விட்டது. அதற்காக அவள் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

மழை வந்தது; குளம் நிறைந்தது; தவளைதான் இல்லை. பாறை இடுக்கில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு முனகின. அந்த மழைக்காலம் முழுக்க, பனி இறங்கிய சாயங்காலமெல்லாம் சோனுபாய் கரையில் நின்று கரண்டியால் பித்தளைத் தட்டைத் தட்டினாள்.

"பழைய தவளைங்களை விட நீ நல்லாவே கத்துற" என்பான் அவன்.

மறுபடி கோடை, மறுபடி குடம், மறுபடி முழங்கால் வலி. ஆனால் திட்டு மட்டும் இல்லை. அடுத்த மழையிலும் தட்டு ஓயவில்லை. அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அவள் தட்டோடு கரைக்குப் போனபோது, குளம் முழுக்கத் தவளைகள் ஒரே மூச்சில் கத்தின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

எருமைகள் வந்தன. அவன் வரவில்லை.

"ஏங்க!" என்று அலறினாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றது பனி. குளத்தின் அக்கரைதான், இருபதடி கூட இருக்காது.

"தவளை கத்துறது காதுல விழலையா? அங்க ஏன் நிக்கிறீங்க?"

"விழுந்துச்சு. நீ இன்னும் தட்டலையே."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.