பழைய லேப்டாப்புக்கு ஒரு வரன்

யாரையும் எளிதில் நம்பாமல் இருப்பதுதான் என் பிழைப்பு. திருச்செங்கோட்டில், வீட்டின் முன்னறையில், வரன் பார்த்துக் கொடுக்கும் நிலையம் நடத்துகிறேன். பையனுக்கு டீ குடிக்கிற பழக்கம்கூட இல்லை என்று ஒரு வீட்டார் சொன்னால், மறுநாள் அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். பெண் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது என்றால், அடுத்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். இதற்கு விசாரிப்பு என்று பெயர். எங்கள் பக்கத்தில் ஜாதகம் சரியாகப் பொருந்தாமல்கூடச் சில கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. விசாரிப்பு இல்லாமல் ஒன்றும் நடந்ததில்லை. நடக்க இருந்தது ஒன்றே ஒன்று. அது என் மகளுடையது.

நிலையத்தின் வரன்கள் அத்தனை பேரும் ஒரு பழைய லேப்டாப்பில் குடியிருந்தார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது அது. படித்து முடித்துச் சேலத்தில் வேலைக்குப் போனதும் அவள் வேறொன்று வாங்கிக்கொண்டு இதை எனக்குத் தந்துவிட்டாள். வயதாக ஆக அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் தேய்த்து, காப்பி குடித்து, செய்தித்தாளில் பாதியைப் படித்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரை முழுதாக வந்திருக்கும். பெண் கேட்டு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து நெளிவார்கள். பழுது பார்க்கும் கடையில் சொன்னேன். "இத்தனை வருசம் ஓடினதே பெருசுங்க, கொண்டாங்க பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். கொண்டுபோகவில்லை.

காரணம் இருந்தது. அதற்குள் 'கரண்ட் பில்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். அதில் கரண்ட் பில் ஒன்றுகூடக் கிடையாது. என் மகளுடைய பயோடேட்டா மட்டும்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஓர் இடம் முடிவானது. பையனுக்குச் சொந்தமாகப் போர்வெல் ரிக் வண்டி இருக்கிறது, வடக்கே போர் போட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள். எனக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம். பழகிய வீட்டில் போய் என்ன விசாரிப்பது என்று இருந்துவிட்டேன். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அச்சுக்குப் போன நேரத்தில், மகள் தானே நாலு இடத்தில் போன் போட்டுக் கேட்டாள். வண்டி அவர்களுடையது இல்லை. பையன் அதில் வேலை பார்த்தான், அதையும் விட்டு ஆறு மாதமாகியிருந்தது. அன்றைக்கே அவள் கல்யாணத்தை நிறுத்தினாள். "இனிமே எனக்கு நீங்க பார்க்க வேண்டாமுங்கப்பா. எப்பன்னு நானே சொல்றேன்" என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

சத்தியம் எட்டு மாதம் தாங்கியது. ஊரில் நாலு பேர் கேட்கிற கேள்விக்கு எவ்வளவு நாள்தான் பதில் சொல்வது? யாருக்கும் தெரியாமல் ஒரு பயோடேட்டா தயார் செய்தேன். வயதில் ஒன்றைக் குறைத்தேன். நின்றுபோன நிச்சயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். அது அவள் கண்ணில் பட்டால் அதோடு இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்று மட்டும் நன்றாகத் தெரியும். அழித்துத் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். அழித்ததையும் தோண்டி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தவிர, ராசிபுரம் பக்கம் ஓர் இடம் கனிந்து வந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தவள், லேப்டாப் முக்கி முனகுவதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"இதத் தூக்கிப் போட வேண்டாமுங்கப்பா. விண்டோஸுக்குப் பதிலா லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடுமுங்க."

"என்ன வெல?"

"இலவசமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "சும்மாவா குடுக்கறான்? அவனுக்கு நம்மகிட்ட என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. ஒலகம் பூராம் நெறயப் பேரு சேந்து செஞ்சு, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு குடுக்கறாங்க."

"யாரு எவருன்னே தெரியாத ஆளுங்களா?"

"குடுங்க, நானே போட்டுத் தாரேன்" என்று அவள் லேப்டாப்பின் மேல் கை வைத்தாள். நான் வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "வேண்டாஞ்சாமி, நானே பாத்துக்கறேன்." அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் ஏன் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாள் என்று அன்று முழுவதும் யோசித்தேன். மடியில் கனம் இருப்பவனுக்கு வழியெல்லாம் பயம்தான்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது நான் வீட்டில் இல்லை. ராசிபுரத்தில் இருந்தேன். அவளுக்குப் பார்த்திருந்த பையனின் தெருவில், சலூனில் உட்கார்ந்து, தேவையில்லாமல் முகச்சவரம் செய்துகொண்டு விசாரித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் அவள் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். மேசையில் ஒரு பென்டிரைவும் துண்டுச் சீட்டும் இருந்தன. 'மூன்று லினக்ஸ் இதில் இருக்கிறது. இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம். எதுவும் அழியாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.'

"லேப்டாப்பத் தொட்டாளா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நானென்ன காவலா இருந்தேன்? அப்பா எங்கேன்னு கேட்டா, ராசிபுரம்னேன். மத்தபடி அடுப்படில இருந்தேனுங்க" என்றாள்.

நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பாஸ்வேர்டு போட்டிருந்தேன். குலதெய்வத்தின் பெயரும் என் பழைய மொபெட்டின் எண்ணும் சேர்ந்த பாஸ்வேர்டு, மனைவிக்கே தெரியாது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். நிலையத்தின் பயோடேட்டா படிவத்தில் மூன்றை எடுத்து, மூன்று லினக்ஸுக்கும் தனித்தனியாக எழுதினேன். பிறப்பு, கூட்டம் என்கிற குலப்பிரிவு, எடை, குணம், குறை என்று எல்லாக் கட்டங்களும் அதில் உண்டு. போனில் தேடியும், மகளையும் மேட்டூரில் இருக்கும் மைத்துனனையும் கேட்டும் மூன்று வாரம் கட்டங்களை நிரப்பினேன்.

முதலாவது மிண்ட். மைத்துனன் எடுத்த எடுப்பிலேயே, "மிண்ட் போடுங்க மச்சான், தங்கமா ஓடுது" என்றான். எடுத்த எடுப்பில் தங்கம் என்று யார் சொன்னாலும் நான் இரண்டாம் முறை விசாரிப்பேன். அவனுடைய மெஷினில் மெமரி எவ்வளவு என்று கேட்டேன். எட்டு ஜிபி. என்னுடையது இரண்டு. லாரி ஓடுகிற ரோட்டைச் சைக்கிள்காரனுக்குச் சிபாரிசு செய்கிறான். மிண்ட்டுக்குக் குறை என்ற கட்டத்தில் 'எடை' என்று எழுதினேன்.

இரண்டாவது லுபுண்டு. ஒல்லி, அடக்கமான குணம், நல்ல குடும்பம். அப்பன் உபுண்டு, பாட்டன் டெபியன். கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். அப்போதுதான் மகள் போனில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். அந்த லேப்டாப்பை அரசாங்கம் கொடுத்தபோதே விண்டோஸோடு ஒரு லினக்ஸும் உள்ளே வந்ததாம். யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். அதுவும் டெபியன் வம்சம்தானாம்.

என் பேனா நின்றுவிட்டது. லேப்டாப் பிறந்த கூட்டமும் டெபியன், லுபுண்டுவின் கூட்டமும் டெபியன். விசாரித்தால் மிண்ட்டும் அதே. எங்களில் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. எத்தனை பொருத்தம் இருந்தாலும் அந்த ஜாதகத்தைக் கையால் தொட மாட்டோம். இரண்டு படிவத்தையும் தள்ளி வைத்தேன்.

"லேப்டாப்புக்குமா கூட்டம் பாக்கறீங்க?" மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத. பழக்கம் வுடாது" என்றேன்.

மிச்சம் இருந்தது பப்பி. மூன்றிலும் எடை குறைந்தது, மொத்தமும் மெமரிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து ஓடக்கூடியது. கூட்டம் என்று கேட்டால் மட்டும் நாலு வீட்டுச் சாப்பாடு, இன்ன வம்சம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனாலேயே முறையில் இடிக்கவில்லை. ஆனால் குறை என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அது என்னை மிகவும் உறுத்தியது. மகளிடம் சொன்னேன்.

"செஞ்ச வேலையச் சேமிச்சு வெக்கறது மத்ததுங்க மாதிரி இல்லீங்க, பழகிக்கோணும். அத எழுதுங்க" என்றாள். கூடவே, "கொறைய மறைச்சு எழுதினா நீங்களே நம்ப மாட்டீங்களே, ஏனுங்கப்பா?" என்றாள்.

"அதெப்படி நம்பறது?" என்றேன், தொழில் பெருமையோடு.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து பென்டிரைவைச் சொருகினேன். அவள் சொல்லிக் கொடுத்திருந்த பொத்தானை அழுத்தி, பட்டியலில் பப்பியைத் தேர்ந்தெடுத்தேன். பல் தேய்க்கிற நேரம்கூட ஆகவில்லை, திரை பளிச்சென்று வந்து நின்றது. எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். இவ்வளவு சுறுசுறுப்பாக ஓடி வருகிற மாப்பிள்ளையிடம் ஏதாவது இருக்கும்.

திரையின் அடியில் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தட்டினேன். என்னுடைய வரன்கள் மொத்தமும் திறந்துகொண்டார்கள். பாஸ்வேர்டை யாரும் கேட்கவில்லை. குலதெய்வத்தையும் கேட்கவில்லை, மொபெட்டையும் கேட்கவில்லை. நான் போட்ட பூட்டு விண்டோஸின் வாசலுக்கு மட்டும்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. பென்டிரைவோடு வருகிறவனுக்கு வீடே திறந்து கிடந்திருக்கிறது. 'கரண்ட் பில்' ஃபோல்டரைத் தட்டினேன். அதுவும் திறந்தது. உள்ளே அந்தப் பயோடேட்டா. பக்கத்தில் அதைக் கடைசியாகத் திருத்திய நாளும் நேரமும் இருந்தன.

நான் திருத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே இருந்தது போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. ராசிபுரத்து சலூனில் என் முகத்தில் சோப்பு நுரை இருந்த நேரம்.

திறந்தேன். எதையும் அவள் அழித்திருக்கவில்லை. வயதைச் சரியாக்கியிருந்தாள். நான் காலியாக விட்டிருந்த குறை என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள். 'ஒருமுறை நிச்சயமாகி நின்றது. நிறுத்தியது நான். பொய் சொன்னார்கள்.' கடைசியில், தொடர்புக்கு என்ற இடத்தில் என் எண் இல்லை. வேறு எண் இருந்தது.

மூன்று வாரமாக அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே லினக்ஸுக்குக் கூட்டம் பார்த்தவனோடு போனில் சிரித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அது யாருடைய எண் என்று உறுதி செய்துகொள்ள, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து என் போனில் அழுத்தினேன். பாதியிலேயே திரையில் மகளின் பெயர் வந்துவிட்டது. அழைப்பு போனது.

"சொல்லுங்க. வரன் விசாரிக்கவா கூப்பிட்டீங்க?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். என் மகளை நான் அதற்கு முன் 'ங்க' போட்டு அழைத்ததில்லை.

"ராசிபுரத்துல டீக்கடை, சலூன், பக்கத்தூடு எல்லாப் பக்கமும் விசாரிச்சாச்சுங்களா?"

"ஆச்சு."

"பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?"

இருபது வருடத் தொழிலில் அந்த ஒரு வீட்டில் மட்டும் நான் விசாரித்ததே இல்லை.

"இல்ல சாமி" என்றேன்.