மூன்று வீட்டு மத்தியானம்

என் மகளுக்கு ஒன்றரை வயது நடந்த காலத்தில் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதெல்லாம் பாலக்கோட்டில் எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில்தான். அவள் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்பே சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. இறக்கி முடித்துத் திரும்பும் நேரமும் அவளுடைய பஸ் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நான் வண்டியை ஓரங்கட்டும்போதே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். தூக்கச் சூடு ஆறாத குழந்தையை என் தோளில் சாய்த்துவிட்டு, பஸ் படியில் ஏறியபடியே, "இட்லி டப்பாவுல இருக்குதுங்க. பூனை வந்தா மூடி வெய்யிங்க" என்பாள். பஸ் போய்விடும். கரும்பாலையில் அரவை நடக்கும் மாதங்கள் அவை. பாகு காயும் வாசனை தெருவெல்லாம் படிந்திருக்கும். அந்த இனிப்புக்குள் தோளில் குழந்தையோடு நடந்து வீட்டுக்கு வருவேன்.

இரவில் பாப்பா சரியாகத் தூங்கமாட்டாள். பகலில் நான் கண்ணை மூடினால் அவள் எங்கே போவாளோ என்ற பயம். அதனால் விழித்துக்கொண்டே தூங்கும் ஒரு நிலைக்கு நான் வந்திருந்தேன். சாலையோரப் புளியமரங்கள் சில காலைகளில் தண்ணீருக்குள் நிற்பதுபோல அசையும். மார்க்கெட்டில் யாராவது கூப்பிட்டால் அந்தக் குரல் வேறொரு ஊரிலிருந்து வருவதுபோல இருக்கும்.

ஒரு நாள் வாசற்படியில் உட்கார்ந்து பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் பெங்களூரில் கட்டட வேலை; மாதத்தில் இரண்டு தரம் வந்து போவார். என் சட்டைப் பையில் ஈரமாக ஏதோ இருந்தது. பாப்பா மிச்ச இட்லியையெல்லாம் பிய்த்து அதற்குள் போட்டு, ஒரு துண்டை என் காதில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, புள்ளைய இங்க குடுத்துட்டு உள்ள போயி படுங்க" என்றார் அக்கா.

"வேணாங்க்கா. உங்களுக்கு வேலை கெடக்குது."

"கெடந்தா கெடக்கட்டும். நானும் தூங்கித்தான் எத்தன நாளாச்சி. இன்னிக்கி நீங்க படுங்க, நாளைக்கி என் புள்ளைய நீங்க பாருங்க. நான் படுத்துக்கறேன்."

கூச்சப்பட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன். பாயைக்கூட விரிக்கவில்லை. தரையின் குளிர்ச்சி முதுகில் பட்டதுதான் தெரியும். அப்படி ஒரு தூக்கத்தை அதற்குப் பிறகு நான் தூங்கியதில்லை. கனவில் ஒரு பெரிய ஏரி. அதன் அடியில் நான் படுத்திருந்தேன். மேலே, தண்ணீருக்கு வெளியே, தையல் மெஷின் ஓடும் சத்தம் மழைபோலப் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றதும் விழிப்பு வந்தது. பதறிக்கொண்டு ஓடினேன். அக்கா வீட்டில் மெஷினுக்கு அடியில், வெட்டிப்போட்ட துணித் துண்டுகளின் குவியலில், எங்கள் பெண் குழந்தைகள் இரண்டும் ஒருத்தி மேல் ஒருத்தி காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் தலையில் ஒரு மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது.

அக்கா விரலை வாயில் வைத்து, "சத்தம் போடாதீங்க" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் படுக்கறதுன்னா போங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. எதிர்வீட்டுத் தங்கச்சி இரண்டு மூன்று நாள் இதைக் கவனித்துவிட்டு, தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பிறந்த ஊர் ஆனேக்கல் பக்கம்; வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். கணவர் ஆலையில் ஷிப்ட் வேலை. "அண்ணா, என்னையும் சேத்துக்குங்க. எனக்குத் தல சுத்துது" என்றாள். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்; மற்ற இருவரும் தூங்கலாம், துவைக்கலாம், தலைக்குக் குளிக்கலாம், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.

என் முறை வரும்போது குட்டியானையைப் புங்கமரத்து நிழலில் நிறுத்தி, பின்கதவைப் பூட்டி, பிள்ளைகளை அதற்குள் விட்டுவிடுவேன். காலிப் பெட்டிகள் நாலைந்து கிடக்கும். அவற்றுக்குள் உட்காருவார்கள், கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார்கள், ஒன்றை ஒன்றுக்குள் நுழைக்கப் பார்த்து அழுவார்கள். நான் பக்கப் பலகையில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். புங்கம்பூ உதிரும் மாதத்தில் அந்த வண்டிக்குள் வெள்ளையாக ஒரு மெத்தை விழுந்துவிடும். ஒவ்வொருவராக அதில் சரிந்து தூங்கிப்போவார்கள். அப்போது தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. மதியம் அப்படியே நின்றுவிட்டது, இனி இந்த நிழல் நகராது என்று தோன்றும்.

டீக்கடையில் ஒருவர், "என்னப்பா, பால்வாடி ஆரம்பிச்சிட்டியாமா? பொம்பளைங்களோட சேந்துக்கிட்டு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான. அன்னிக்கி முறை என்னுது" என்றாள். சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து நகம் வெட்டிவிட்டாள். தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு டீக்கடையிலும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெயில் காலத்தின் தொடக்கத்தில் எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு அம்மை போட்டது. அவர்கள் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்ததைக் காலையில் வந்ததும் பார்த்தேன். பையன் அவன் அப்பா கையில் இருந்தான். ஷிப்டுக்குப் போயாக வேண்டிய மனிதர். அரவை முடியும் சமயம், லீவு கேட்க முடியாது. ஊரிலிருந்து வர ஆளில்லை. அவர் பையனோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

எனக்கும் மனைவிக்கும் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. மகளுக்கு மருத்துவமனையிலேயே தடுப்பூசி போட்டிருந்தோம். மனைவிக்குப் போன் செய்து கேட்டேன். "பையனக் கூட்டியாந்து நம்ம வூட்டுல வெச்சிக்கிங்க. ஒட்டறதா இருந்தா இந்நேரம் ஒட்டியிருக்கும்" என்றாள்.

அக்காதான் தயங்கினார். அவர் பெண்ணுக்கு ஊசி போட்டிருக்கவில்லை. அவருக்கும் அம்மை வந்ததா என்பது நினைவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்கு பயமா இருக்குது. இவளுக்கு ஏதாச்சும்னா அந்த மனுசன் பெங்களூருல இருந்து ஓடியாரணும்" என்றார்.

"இதுல தப்பா நெனக்க என்னக்கா இருக்குது?"

"சோறு நான் பொங்கித் தரேன். அவுங்களுக்கும் உங்களுக்கும். செவுத்து மேல வெச்சிர்றேன், எடுத்துக்குங்க."

அதன்படியே அம்மை இறங்கும்வரை மோர்ச்சோறும் இளநீரும் சுவர்மேல் வந்துகொண்டிருந்தன.

பையன் காலையில் நன்றாகத்தான் விளையாடினான். தூக்கம் வரும் நேரம்தான் பாடாய்ப் போய்விட்டது. "அம்மா எல்லி? அம்மா எல்லி?" அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தான். வீடியோ காலில் அவளைக் காட்டினேன். போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். அங்கே அம்மா இல்லை என்று தெரிந்ததும் அவன் அழுத அழுகையைப் பார்த்து, அவளே போனை வைத்துவிட்டாள். பிறகு நாங்கள் போனை எடுக்கவில்லை. நான் தமிழில் பாடினேன், கெஞ்சினேன், வெளியே தூக்கிக்கொண்டு போய்க் காக்கா காட்டினேன். எதற்கும் அடங்கவில்லை. அவனைப் பார்த்து என் மகளும் அழ ஆரம்பித்தாள்.

எனக்குக் கன்னடம் தெரியாது என்றில்லை. தக்காளி வாங்க கோலார் பக்கத்திலிருந்து லாரிகள் வரும். அந்த டிரைவர்களோடு பழகிப் பழகி வந்த கன்னடம். அதில் குழந்தையிடம் பேசும் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும்போது கத்துவோமே, அதுதான் என் வாயில் நன்றாக வரும். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். வேறு வழி தெரியாமல், மெதுவாக, காதோரம் சொன்னேன்: "பா... பா... ஹிந்தே பா... நிதானா... நிதானா..."

வா, பின்னால் வா, மெல்ல மெல்ல. அவ்வளவுதான் அர்த்தம்.

அழுகை நின்றது. தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தான். நான் விடவில்லை. சொன்னபடியே ஒரு லாரி பின்வாங்குவதுபோலப் பின்பக்கமாக நடந்தேன். புங்கமரம் வரை பின்னால், அங்கிருந்து திரும்பி சுவர் வரை பின்னால். "நிதானா... பா..." அவன் கன்னம் என் கழுத்தில் படிந்தது. ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரும்புச் சக்கைச் சாம்பல் கறுப்பு இறகுகளாகக் காற்றில் மிதந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. என் கால்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே நடந்தேன். எல்லாமே மெல்லப் பின்னோக்கிப் போவதுபோல இருந்தது: மரம், சுவர், வெயில், அன்றைய நாள்.

எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து கரகரப்பான ஒரு குரல் வந்தது. "அண்ணா... என்ன, என் மகன லாரி மாதிரி நிறுத்தறீங்களா?"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் நின்றாள். முகமெல்லாம் கொப்புளம். சிரித்தாள், சிரித்தால் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கிட்டானா?"

"தூங்கிட்டான்மா."

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. கிட்ட வர வேணாம், அங்கருந்தே."

மரத்தடியில் நின்று அவன் முகம் அவளுக்குத் தெரியும்படி திருப்பினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். சாம்பல் ஒன்று அவன் நெற்றியில் விழுந்தது. ஊதிவிட்டேன்.

அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில், ஈர முடியோடு, மஞ்சள் மணக்க, ஓடி வராத குறையாக வந்தாள். பையன் அவளைப் பார்த்தான். என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவள் கைகள் நீட்டியபடியே நின்றுவிட்டன. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அக்கா சுவருக்கு அப்பாலிருந்து சொன்னார்: "கைய நீட்டாத புள்ள. உக்காரு. அவனப் பாக்காத. சும்மா எங்கயாச்சும் பாரு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓட, தெருவைப் பார்த்தாள். பையன் முதலில் பிடித்திருந்த என் வேட்டியை விட்டான். சுற்றி வந்து அவள் முதுகுப்பக்கம் நின்றான். ஈர முடியைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே அவள் முதுகில் சாய்ந்துவிட்டான்.

அத்தோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் பையனுக்குக் கொப்புளம் வந்தது. அதே வாரம், அத்தனை ஒதுங்கியிருந்தும், அக்காவின் பெண்ணுக்கும் வந்தது. அக்கா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். தங்கச்சி நேராக அவர் வீட்டுக்குள் போய் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கு இனி வராதுக்கா. ரெண்டும் எங்க வூட்டுல ஒரே பாயில கெடக்கட்டும். நீங்க தள்ளியே இருங்க."

"நான் உன் புள்ளையத் தொடலியேடி அன்னிக்கி" என்றார் அக்கா.

"நீங்க பொங்கிப்போட்ட சோத்தத்தான நாங்க தின்னோம்? வுடுங்கக்கா."

இரண்டு பேருக்கும் லேசாகத்தான் போட்டது. வேப்பிலைக் கொத்துக்குச் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் தண்ணீர் ஊற்றினார்கள். என் மகள் தனக்கும் ஊற்ற வேண்டும் என்று அழுது அடம்பிடித்து ஊற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஜூன் மாதம் மூவரையும் அங்கன்வாடியில் சேர்த்தோம். உள்ளே விட்டதும் மூன்று பேரும் ஒரு பிளாஸ்டிக் யானையின் மேல் விழுந்து அதைப் பங்கு போடப் போய்விட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் மூவரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். கையில் ஒன்றுமில்லை, இடுப்பில் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எதிரில் கரும்புச்சாறு வண்டி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தோம்.

"இப்பப் போயித் தூங்கலாமே" என்றேன்.

"எனக்குத் தூக்கம் வரல" என்றாள் தங்கச்சி.

அக்கா கிளாஸைக் காலி செய்துவிட்டு, "எனக்கும் வரல. இன்னொன்னு சொல்லுங்க தம்பி, இஞ்சி கொஞ்சம் தூக்கலா" என்றார். மேகம் மறைத்து வெயில் மங்கியது. கரும்பு பிழியும் சக்கரத்து மணி கிணுகிணுத்தபடி இருந்தது. பிள்ளைகளை விடும் நேரம்வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.