தம்பி மேல் விழுந்த சார்ஜ்

இரண்டு வாரத்துக்கு முன்னால், இங்கே கல்கத்தாவில், டாக்குரியா தபாலாபீஸில் தம்பி சங்கரன் எழுதி வைத்த தந்தி ஃபாரத்தை வெடுக்கென்று பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டேன். கவுண்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டுமே!

சங்கரனுக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் சேயும் ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் அவன் மாமனாருக்குச் சொல்ல வேண்டாமா? அதற்கு இந்த மகானுபாவன் எழுதியிருந்தது இதுதான்: 'கோமதி டிஸ்சார்ஜ்டு டுடே.'

"ஏலே, பட்டது பத்தாதா? அந்த மனுஷருக்கு மறுபடியும் சார்ஜா?" என்றேன்.

"அக்கா, இது டிஸ்சார்ஜ்..."

"எந்தச் சார்ஜும் வேண்டாம். மாத்தி எழுது."

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கேளுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி. சங்கரன் இங்கே ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை கிடைத்து எங்கள் வீட்டில்தான் இருந்தான். செவ்வாய் தோஷ ஜாதகம். போன வீடுகளிலிருந்தெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியாகக் கோமதியின் ஜாதகம் பொருந்தியது. இவன் லீவில் போய்ப் பெண்ணைப் பார்த்தான், பிடித்தும் போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து, நான் புடவைகூட எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து இவனுடைய மேலதிகாரிக்கு மஞ்சள் காமாலை! அவர் படுத்ததும், அவர் செக்‌ஷனையும் சேர்த்து இவன் தலையில் கட்டிவிட்டார்கள். ஆபீஸ் பாஷையில் இதற்கு 'சார்ஜ்' என்று பெயர். ஊருக்குப் போக லீவு கிடையாது. இவனோ வார்த்தையில் மகா சிக்கனம். "சார்ஜ்டு சடன்லி. கனாட் லீவ் கல்கத்தா. லெட்டர் ஃபாலோஸ்" என்று பெண்ணின் அப்பாவுக்குத் தந்தியைத் தட்டிவிட்டான்.

அந்த அப்பா யார்? ஆவுடையப்பன் அண்ணாச்சி. ஜில்லா கோர்ட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஹெட் கிளார்க்காக ரிடையரானவர். அவர் அகராதியில் சார்ஜுக்கு ஒரே அர்த்தம்தான் – குற்றச்சாட்டு. அதோடு 'கல்கத்தாவை விட்டு நகர முடியாது' என்றும் இருந்தால்? போதாக்குறைக்கு, இங்கே இளவட்டங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போன காலம் அது. அண்ணாச்சி தினமும் பேப்பர் படிப்பவர் வேறு.

'ஃபாலோஸ்' என்ற லெட்டர் போய்ச் சேருவதற்குள், மனுஷர் ரயிலேறி ஹௌராவில் வந்து இறங்கிவிட்டார்!

டாக்ஸிக்காரர் எங்கெங்கோ சுற்றியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "கரியாஹாட் பந்த்... லாட்டி சார்ஜ்!" தடியடியாம். இங்கேயும் ஒரு சார்ஜ்! வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் பூட்டு. நான் ஸ்டேஷன் பக்கம் கறிகாய் வாங்கப் போயிருந்தேன். மாடிப்படியில் அவருக்கு அகப்பட்டவர் கீழ்வீட்டு முகர்ஜிதா, அதாவது முகர்ஜி அண்ணன். தங்கமான மனுஷர்தான், ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. இரண்டு பேரும் அவரவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டதை, பிறகு தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். (முகர்ஜிதா வாயில் 'ஹெவி' ஹெபியாகிவிடும், 'ஐயா' மொஷாயாகிவிடும்.)

"மிஸ்டர் சங்கரன் மேல ஏதோ சார்ஜாமே?"

"ஷொங்கர்பாபுவா? ஹெபி சார்ஜ், மொஷாய்! டபுள் சார்ஜ்!"

"டபுளா!"

"நம் தெருவுக்கே பெருமை. வீடு வீடாக சந்தேஷ் கொடுத்தாரே!"

சார்ஜ் விழுந்ததற்கு ஸ்வீட் கொடுக்கிற ஊரா இது? அண்ணாச்சி கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம்.

"எப்ப வெளிய வருவாரு?"

"துர்கா பூஜைக்கு முன்னால் எங்கே? டில்லியிலிருந்து யாராவது வந்து ரிலீஸ் பண்ணினால்தான் உண்டு. பாவம், கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை!"

நான் பையும் கையுமாகத் திரும்பி வந்தபோது, படியில் ஒரு பெரியவர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். "சங்கரனுக்கு அக்காவாம்மா நீங்க? நான் கோமதி அப்பா. தம்பிய எந்த ஜெயில்ல வச்சிருக்காங்க?"

ஜெயிலா! எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உள்ளே அழைத்துக் காபி கொடுத்து, கேள்வி மேல் கேள்வி கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கிற்று. சிரித்திருக்க வேண்டும். எனக்கோ சுறுக்கென்று கோபம்தான் வந்தது. என் தம்பியைப் பற்றி இப்படி நினைக்கலாமா?

"அப்ப நிச்சயத்தை முறிச்சிட்டுப் போகத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களாக்கும், அண்ணாச்சி?"

அவர் பையைத் திறந்தார். முறுக்கு டின்னுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே அவருடைய வீட்டுப் பத்திரம்.

"ஜாமீனுக்கும்மா. வெளியூர்க்காரனை லேசுல நம்ப மாட்டாங்கல்லா? அதான் வில்லங்க சர்டிபிகேட்டும் எடுத்தாந்தேன்."

நான் அந்தச் சர்டிபிகேட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

"நெசத்தைச் சொல்லுதேன். தந்தியப் பார்த்ததும் இந்தச் சம்பந்தமே வேண்டாம்னுதான் சொன்னேன். கோமதிதான் கேக்கல. 'சார்ஜ்தானப்பா போட்டிருக்கு, தீர்ப்பா சொல்லிட்டாங்க? போய் அவுகளை ஜாமீன்ல எடுங்க'ன்னுட்டா."

நான் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை, ஓவென்று அழுதேன். முகர்ஜிதா பதறிப்போய் மேலே ஓடி வந்தார்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த சங்கரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அந்தப் பத்திரத்தை மடித்துக் கவரில் போட்டு அண்ணாச்சி கையில் கொடுத்தான். பிறகு என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "அக்கா, நிச்சயம் எதுக்கு? நேராக் கல்யாணமே வச்சுக்கிடலாமா?" என்றான்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டலில் கொடுப்பது சார்ஜ். பேட்டரியில் ஏற்றுவது சார்ஜ். போலீஸ் தடியோடு பாய்ந்தால் சார்ஜ். நாற்காலியில் உட்கார்ந்தால் சார்ஜ். அதே நாற்காலியில் ஏடாகூடமாக ஏதாவது செய்தாலும் சார்ஜ்! கட்டணம், பொறுப்பு, தடியடி, குற்றச்சாட்டு என்று நாம் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கும்போது, வெள்ளைக்காரன் ஒரே சட்டியில் ரசமும் வைத்துப் பாலும் காய்ச்சிவிட்டான். ரொம்பவும் இளிக்க வேண்டாம்... நம் 'படி' மட்டும் என்ன வாழ்கிறது? ஏறினால் படி, அளந்தால் படி, பரீட்சை வந்தால் படி, டூர் போனால் பயணப்படி!

அதனால்தான் அந்த ஃபாரத்தைக் கிழித்தேன். 'தாயும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து நலமாக வீடு வந்து சேர்ந்தார்கள்' என்று இங்கிலீஷில் நீட்டி முழக்கி, நானே எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அண்ணாச்சியிடமிருந்து கடிதம் வந்தது. பேத்திக்கு ஆசீர்வாதமெல்லாம் சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி: 'இத்தனை வார்த்தை எதற்கம்மா? டிஸ்சார்ஜ் என்று ஒன்றே போதுமே. எங்கள் கோர்ட்டில் அதற்கு விடுதலை என்று அர்த்தம்!'

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்கரன் என்னையே பார்க்கிறான். எனக்கு ஜாமீன் கொடுக்க உங்களில் யாராவது இருக்கிறீர்களா?