உத்தரவாதக் கடிதம் வராத வெள்ளிக்கிழமை

என்ரை மனுசன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையிலை இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு துடிச்சுக்கொண்டிருந்தார். ஆறடி தள்ளி ஒரு கட்டில் வெறுமையாக் கிடந்தது. வெள்ளைச் சீலை விரிச்ச கட்டில். அதிலை அவரைப் படுக்கவிட ஏலாதெண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டினம். வெளிநாட்டிலை இருந்து ஒரு கடிதம் வரவேணுமாம்.

அடியார்களே, இதை எழுதேக்கையும் எனக்குக் கோவம் இன்னும் அடங்கேல்லை. கோவத்தோடை சாமியைப் பற்றி எழுதக்கூடாதெண்டு ஆரும் நினைச்சா மன்னிக்கவேணும். நடந்ததை நடந்தபடி சொன்னாத்தான் சாமி செய்ததும் விளங்கும்.

நான் பருத்தித்துறையிலை பிறந்தவள். சண்டைக்காலத்திலை நோர்வேக்குப் போய் ஒரு மீன் பக்ரறியிலை வேலை செய்தன். அங்கை மெசின் திருத்தினவர்தான் ஆர்னே. நோர்வேக்காரர். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசம். ரெண்டு பேரும் பென்சன் எடுத்தாப்பிறகு, "உன்ரை ஊர்க் கடலைப் பாத்துக்கொண்டு இருப்பம்" எண்டு முதல் கேட்டவர் அவர்தான். வந்து நாலு வருசமாகுது. அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனா எங்கடை கரையிலை பழுதாப்போற போட் எஞ்சின் எல்லாம் எங்கடை வீட்டு முத்தத்துக்குத்தான் வரும். காசு வாங்கமாட்டார். மீன் குடுத்தா வாங்குவார்.

நோர்வேயை விட்டு வந்தவுடனை அங்கத்தை வைத்திய உரிமை இல்லாமல் போச்சு. அதாலை வெளிநாட்டிலை வசிக்கிற ஆக்களுக்கெண்டு ஒரு கொம்பனி விக்கிற சுகாதாரக் காப்புறுதி எடுத்தனாங்கள். விக்க வந்த பொடியன் கம்பியூட்டரிலை சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவன், உலகத்திலை எந்த மூலையிலை இருந்தாலும் ஒரு ரெலிபோன் எடுத்தாக் காணும், மிச்சத்தைத் தாங்கள் பாப்பமெண்டு. நாங்கள் ஒரு தவணையும் பிந்தினதில்லை.

நானும் பெருமையடிச்சனான். அதையும் ஒளிக்காமல் சொல்லவேணும். பக்கத்து வீட்டு ரத்தினம் அண்ணை ஒருநாள், "தங்கச்சி, வருத்தம் எண்டு வந்தா அரசாங்க ஆஸ்பத்திரி கிட்டத்தானே" எண்டார். "அண்ணை, எங்களுக்கு உதுக்கெல்லாம் ஆள் இருக்கு" எண்டன்.

போன வருசம் ஆவணி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலமை. முதல் நாள் ஆர்னே ஒரு எஞ்சினைத் தூக்கிவைக்க உதவினவர். விடிய எழும்பி, வயித்துக்கை நோகுதெண்டார். பிறகு சத்தி, குடிச்ச தண்ணியும் வெளியிலை வந்தது. அடிவயித்திலை கல்லு மாதிரி ஒரு வீக்கம். தொட்டாலே கத்தினார். ரத்தினம் அண்ணை வானை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

எங்கடை ஊர் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலிலை வானை மெதுவாக்கி, "நிப்பாட்டட்டோ?" எண்டு கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. யாழ்ப்பாண ரவுணுக்கு விடுங்கோ."

நான்தான் சொன்னனான். நெல்லியடி தாண்டேக்கை இவர் இரண்டாந்தரம் சத்தி எடுத்தார்.

ரவுணிலை அந்தத் தனியார் ஆஸ்பத்திரி கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாய் இருந்தது. டொக்டர் உடனை வந்து பாத்தார். அவரைக் குறை சொல்லமாட்டன். "குடலிறக்கம். குடல் இறுகிப்போச்சு. ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை ஒப்பரேசன் செய்யவேணும்" எண்டார். சரி, செய்யுங்கோ எண்டன். அப்பதான் வரவேற்பு மேசையிலை இருந்த பிள்ளை ஆர்னேயின்ரை பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"சேர் வெளிநாட்டவர். காப்புறுதிக் கொம்பனியின்ரை உத்தரவாதக் கடிதம் வேணும் மேடம். இல்லாட்டி முழுக்காசும் முன்னுக்குக் கட்டவேணும்."

கட்டுறமெண்டு பாங்க் அட்டையைக் குடுத்தன். எங்கடை நோர்வே பாங்க் காட்டை அவையின்ரை மெசின் எடுக்கேல்லை. "கட்டிலிலையாவது படுக்க விடுங்கோ" எண்டு கேட்டன். "அட்மிற் பண்ணாமல் ஏலாது மேடம்" எண்டா.

கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தன். பாட்டுப் போச்சுது. உயிராபத்தெண்டா ஒண்டை அமத்தட்டாம். அமத்தினன். பிறகும் பாட்டு. இவர் கதிரையிலை குனிஞ்சு பல்லைக் கடிச்சுக்கொண்டிருக்கிறார், என்ரை காதிலை பியானோ! கடைசியா ஒரு பிள்ளை லைனிலை வந்து, தேன் மாதிரிக் குரலிலை இங்கிலிசிலை கேட்டா, இந்த வீக்கத்தை முதல் முதலா எப்ப கண்டனீங்களெண்டு. நான் பொய் சொல்லிப் பழகேல்லை. ரெண்டு வருசத்துக்கு முந்திச் சின்னதா ஒண்டு இருந்தது, நோகேல்லை, விட்டிட்டம் எண்டன்.

"அப்படியென்றால் இது ஏற்கெனவே இருந்த நோய். மதிப்பீட்டுப் பிரிவு பார்க்க வேண்டும். மூன்று வேலை நாட்களில் பதில் தருவோம்."

"மூண்டு நாளோ? டொக்டர் மூண்டு மணித்தியாலம் எண்டு சொல்லுறார்!"

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. எங்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனை கொழும்பில் இருக்கிறது. அங்கே போனால் கொஞ்சம் விரைவாகலாம்."

புரிஞ்சதாம்! குடல் இறுகின மனுசனை ஏழெட்டு மணித்தியாலம் வானிலை குலுக்கிக்கொண்டு போகட்டாம். நாளைக்குச் சனி, மற்ற நாள் ஞாயிறு. அவைக்கு ரெண்டும் வேலை நாளில்லை. சாவுக்கு மட்டும் எல்லா நாளும் வேலை நாள்தானே.

ரெலிபோனை வைச்சிட்டு வெளியிலை வந்தன். மதிலோடை ஒரு சின்ன வைரவர். ஒரு சூலமும் முன்னாலை ஒரு விளக்கும்தான். நான் கைகூப்பேல்லை. சத்தியமாச் சொல்லுறன், ஏசினன்.

"வைரவா, காவல் தெய்வமெண்டு உன்னைச் சொல்லீனம். நீ ஆருக்குக் காவல் நிக்கிறாய்? இந்தக் கண்ணாடிக் கதவுக்கோ? அந்த மனுசன் என்னை நம்பி, உன்ரை மண்ணை நம்பி வந்தவன். எனக்குக் கடிதம் வேண்டாம். ஒரு மனுசரைக் காட்டு!"

சொல்லிப்போட்டு அந்தக் கொதிக்கிற வெயிலிலை நிண்டு கத்தினன். ரோட்டாலை போன சனம் திரும்பிப் பாத்தது. எனக்கு வெக்கம் வரேல்லை.

எவ்வளவு நேரமெண்டு தெரியாது. பின்னாலை ஒரு குரல். "அன்ரி."

அந்த ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற நேர்ஸ் பிள்ளை. வேலை முடிஞ்சு கைப்பையோடை வெளிக்கிட்டவ. கிட்ட வந்து மெல்லமாச் சொன்னா:

"நான் சொன்னதெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. அங்கிளை உடனை இந்த ரவுணிலை இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இஞ்சை பின்னேரம் ஒப்பரேசன் செய்ய வாற சேர்ஜன் இப்ப அங்கைதான் நிக்கிறார். அதே டொக்டர், அதே கை."

"அங்கை பாஸ்போட் கேக்கமாட்டினமோ பிள்ளை?"

"முதல் வருத்தத்தைத்தான் கேப்பினம் அன்ரி. வாங்கோ, நானும் வாறன்."

ஏறீட்டா வானிலை! இரவு முழுக்க வேலை செய்து களைச்ச பிள்ளை. எங்களை ஆரெண்டே தெரியாத பிள்ளை. போற வழியிலையே ஆரோ ஒருத்தருக்கு ரெலிபோன் எடுத்து, நோயாளி வாறார் எண்டு சொன்னா.

அங்கை கண்ணாடிக் கதவு இல்லை. சனமெண்டா சனம். ஆனா வான் நிண்டவுடனை தள்ளுவண்டி வந்தது. ஒரு இளம் டொக்டர் ஓடிக்கொண்டே கேட்டார், "எத்தினை மணியிலை இருந்து சத்தி?" பேரைக் கேட்டார். வயசைக் கேட்டார். அவ்வளவுதான். எந்த நாடெண்டு கேட்டது ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோன பிறகு, படிவம் நிரப்பேக்கை. சேர்ஜன் மட்டும் என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டார். "ஏனம்மா இவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள்?"

மத்தியானம் தாண்டி சேர்ஜன் வெளியிலை வந்தார். "குடல் கறுக்கத் துவங்கீட்டுது. இறுக்கத்தை எடுத்துப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டம். நிறம் திரும்பி வந்தது. வெட்டத் தேவையில்லாமல் போச்சு. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தா நான் உப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன்."

நிறம் திரும்பி வந்தது. அந்த மூண்டு சொல்லையும் இண்டைக்கும் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

வாட்டிலை நெருக்கம்தான். காத்தாடி ஒண்டு கிறீச் எண்டு சுத்தும். ரெண்டு மருந்து இல்லையெண்டு வெளியிலை வாங்கத் துண்டு தந்தினம். அதையும் மறைக்கேல்லை. பக்கத்துக் கட்டில்காரர் தென்மராட்சியிலை தோட்டம் செய்யிறவர். அவற்றை மனுசி என்னைக் கேக்காமலே இடியப்பத்திலை பாதியை என்ரை கையிலை வைச்சா. "காலமையிலை இருந்து நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை, முகத்திலை தெரியுது" எண்டா. அப்பதான் நான் அழுதன்.

மயக்கம் தெளிஞ்சு ஆர்னே கேட்ட முதல் கேள்வி தமிழிலை: "கடிதம் வந்ததோ?"

"வரேல்லை."

சிரிக்க வெளிக்கிட்டு, தையல் இழுத்து, "ஐயோ" எண்டார். எங்கடை ஊர் ஐயோதான்.

கடிதம் ஆறாம் நாள் வந்தது. ஏற்கெனவே இருந்த நோய், ஆனபடியால் பொறுப்பேற்க ஏலாதாம். விரைவில் குணமடைய வாழ்த்தாம். கீழை, அடுத்த வருசத்துக்குப் புதுப்பிக்க ஒரு படிவம்! எனக்கு வந்த விசர்க் கோவத்துக்கு அளவில்லை. இருந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினன். மறுமொழி இல்லை. கவலையுமில்லை. என்னை மாதிரி இன்னொருத்தி ஏமாறக்கூடாதெண்டு வெளிநாட்டிலை இருந்து இஞ்சை வந்து குடியிருக்கிற ஆரைக் கண்டாலும் சொல்லுறன். காப்புறுதி எடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. எடுக்க முந்தி ஒவ்வொரு வரியாக் கேளுங்கோ. எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்த நோய், எத்தினை மணித்தியாலத்திலை கடிதம் எண்டு கேளுங்கோ. சிரிப்பைப் பாத்துக் கையெழுத்து வைக்காதேங்கோ.

இப்ப ஆர்னே மாசத்திலை ரெண்டு நாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போறார். சில்லுக் கழண்ட தள்ளுவண்டி, வீல்செயர் எல்லாம் இருந்து திருத்துவார். நாங்கள் ஒரு சதம் வரி கட்டாத ஆஸ்பத்திரி. அந்தத் தோட்டக்காரர் மாதிரி ஆக்கள் கட்டின வரியிலைதான் என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார். என்ரை பெருமை அந்த வாட்டோடை போச்சு. ரத்தினம் அண்ணையிட்டையும் மன்னிப்புக் கேட்டன். "விடு தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்.

அந்த நேர்ஸ் பிள்ளை தற்செயலா வந்தவ எண்டு சில பேர் சொல்லீனம். சொல்லட்டும். நான் மனுசரைக் கேட்டன், மனுசர் வந்தார். எனக்கு அது காணும்.

அடியார்களே, உங்களுக்கு முன்னாலையும் ஒரு கதவு சாத்தப்படலாம். அதுக்கு முன்னாலை நிண்டு கெஞ்சிக்கொண்டு இருக்காதேங்கோ. வைரவரிட்டைப் போங்கோ. நல்ல வார்த்தை வராட்டில் வாற வார்த்தையிலை கேளுங்கோ. நான் ஏசினன். அவர் கோவிக்கேல்லை. எழும்பி வந்தார்.