காவிக்கட்டி போட்ட மருத மரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரி மரகதம் என்னோடு வாக்கிங் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணம் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது?

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நாலாம் கிளாஸைத் தாண்டாதவன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, இன்று திருச்சியில் சொந்தமாக மரவாடி வைத்திருக்கிறவன். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்தா, வைரமா என்று சொல்வேன். இதுவரை தப்பியதில்லை — தற்பெருமை என்றால் தற்பெருமைதான்.

மரகதம் மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவள். டாக்டர் நடக்கச் சொன்னார். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் ஒரு சின்னக் காடு இருக்கிறது. போன மாதம் அங்கே கூட்டிப்போனேன். மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாங்கள் உலாத்தப் போனது அதுதான் முதல் தடவை.

மெதுவாக நடந்து ஒரு மருத மரம் வரைக்கும் வந்தாள். வேரில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"என்னங்க, வாராவாரம் என்னை இங்க கூட்டிட்டு வருவீங்களா? இந்த மரம் வரைக்கும் வந்தாப் போதும்."

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றேன். காது அவளிடம்... கண் மரத்தில்.

மாப்பிள்ளை கைலாசபுரத்தில் இன்ஜினீயர். படித்தவர் முன்னால் நம் படிப்பையும் காட்ட வேண்டாமா? மரத்தை நாலு தட்டுத் தட்டினேன். "முழு வைரம் மாப்பிள்ளை. எட்டு வாசக்கால் வரும்."

"அளக்காமலே எப்படி மாமா சொல்றீங்க?"

போதாதா எனக்கு? பையிலிருந்த காவிக்கட்டியை எடுத்து மரத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். வெட்டப்போகும் மரத்துக்கு நாங்கள் போடும் அடையாளம் அது. "பிடிச்ச மரத்துல இப்படித்தான் கை வைப்போம்."

"உட்கார்ந்திருக்கிறவ மேலயும் போட்டுடாதீங்க" என்றாள் மரகதம். எல்லோரும் சிரித்தோம். குறியை அழிக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு போனோம். மரம் இல்லை. அடிக்கட்டை... சுற்றிலும் மரத்தூள்.

அங்கே நின்ற காட்டுக் காவல்காரரைக் கேட்டாள் மரகதம்.

"பட்ட மரத்தை வெட்ட ஆளுங்க வந்தாங்கம்மா. குறி போட்டதை எல்லாம் வெட்டணும்னு உத்தரவு. இதுலயும் போட்டிருந்துச்சு. பச்சை மரமாச்சேன்னு நான்கூடச் சொன்னேன். மரம் தெரிஞ்ச யாரோதான் போட்டிருக்கணும்னுட்டாங்க."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தேன். முழு வைரம். நான் சொன்னது சரியாக இருந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

சும்மா இருப்பேனா? வெட்டியவர்களிடம் பேசி அந்த மரத்தையே வாங்கினேன். பச்சை மரத்தில் சாமான் செய்யக் கூடாது என்று தெரிந்தும், அவசரமாக ஒரு பெஞ்சு செய்து வீட்டு வராந்தாவில் போட்டேன். "உனக்குத்தான். உட்காரு."

"நான் மரத்தடியில உட்காரத்தான் கேட்டேங்க. மரத்து மேல இல்ல."

இத்தனை வருஷம் மரத்தோடு கிடந்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லையே.

இப்போது வராந்தாவிலேயே நடக்கிறாள், பெஞ்சைச் சுற்றிக்கொண்டு. கூட நடக்க எனக்கு நேரம் இருக்கிறது... அவள்தான் கூப்பிடுவதில்லை.