கன்றுக்குட்டி வழியாகப் பேசியவர்

காலை ஆறே கால் மணி. விழித்ததும் முதலில் கண்ணில் பட்டவை கதவின் ஓரத்தைப் பற்றியிருந்த நான்கு விரல்கள். அவை என் மாமியாருடையவை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவரிடம் நான் பார்த்திருந்தது அவ்வளவுதான். மருமகனுக்கு எதிரே வருவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்போது போனாலும் கதவுக்குப் பின்னால் ஒரு குரல் இருக்கும், வளையல் சத்தம் இருக்கும்; காப்பி டம்ளர் தரையோடு நகர்ந்து வரும். மாமனார் இருந்தவரை பேச்சு அவர் வழியாக நடந்தது. அவர் காலமான பிறகு, முற்றத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி வழியாக நடந்தது.

“ஏலே, மாப்பிள்ளைக்கு ராத்திரி கை வலிச்சுதான்னு கேளு.”

கன்று காதை ஆட்டியது. “வலி இல்லை” என்று நானும் கன்றைப் பார்த்தே சொன்னேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையில் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ராஜபாளையம் ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. நாளாக ஆகக் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின. பென்சில் நழுவி விழும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றி ஒரு பள்ளம் தெரிந்தது. டாக்டர் மணிக்கட்டைக் கீறி, நரம்பை நெரித்துக்கொண்டிருந்த பட்டையை வெட்டிவிட்டார். நரம்பு நசுங்கியதுதான் காரணம், வேறு எந்த வியாதியும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பும், விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், எதையாவது பிசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். என் மனைவி அப்போது பிள்ளை பெற்று தாய்வீட்டில் இருந்தாள். கை தேறும்வரை நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

விரல் மரத்துப்போனால் அந்தக் காலத்தில் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். தொட்டால் ஒட்டும், விரல்கள் குறையும் என்று பயந்த அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு அது இல்லை என்று சொல்வதற்கும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதனால் டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரை நம்பினேனா என்பதும் நிச்சயமில்லை. என் டம்ளரை நானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தேன். பிறந்த மகளைத் தூக்கவில்லை. “செத்த நேரம் வச்சுக்கிடுங்க” என்று மனைவி நீட்டும்போது, கையில் பலமில்லை என்று விலகிக்கொண்டேன். சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிட்டாள். அதைவிடக் கூச்சம் சாப்பாட்டு வேளையில். இடது கையில் கரண்டியைப் பிடித்து, சுவரைப் பார்க்க உட்கார்ந்து தின்பேன். முதல் நாள் சோறு வேட்டியெல்லாம் சிந்தியது. நிமிர்ந்தபோது கதவோரத்தில் விரல்கள் இருந்தன. மறுநாளிலிருந்து தட்டு வந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். நான் கை கழுவும் சத்தம் கேட்ட பிறகுதான் திறக்கும்.

தையல் பிரித்துப் புண் ஆறியதும் ஒரு கந்தலைச் சுருட்டிப் பிசைந்துகொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து கன்றுக்கு உத்தரவு வந்தது. “கந்தலப் பிசைஞ்சு என்னலே ஆவப் போவுது? இதப் பிசையச் சொல்லு.” ஒரு வெண்கலச் சட்டியில் கேப்பை மாவு நகர்ந்து வந்தது. அரிசி கிடைக்காத நாட்கள். கேப்பையும் லேசில் கிடைக்காது. பிசைந்து முடித்ததும் அந்த மாவைக் கொண்டுபோய்க் கன்றுக்கு வைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை; யாரும் தடுக்கவுமில்லை. தினமும் அப்படியே நடந்தது. சில நாளில் மாவின் குளிர்ச்சி நடுவிரலுக்குத் தெரிந்தது. பிறகு நறநறப்பும் தெரிந்தது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தையைப் பார்க்க மம்சாபுரத்திலிருந்து மாமியாரின் மதினி வந்தார். கூடத்தில் மாவும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன மதினி, பேப்பர்ல எழுதுத மாப்பிள்ளைய அடுப்படி வேலைக்குப் பழக்குதீகளா? நல்லாத்தான் இருக்கு!”

உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்து, கூழும் குடித்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்றபடி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“வெரலு மரத்துப் போச்சாம்லா? பச்சப்புள்ள இருக்குத வீடு, பாத்துக்கிடுங்க. அந்த மாவ மாட்டுக்குத்தான போடுதீக?”

என் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமியாரின் விரல்கள் கதவிடுக்கில் நீண்டு சட்டியை உள்ளே இழுத்துக்கொண்டன. சற்று நேரத்தில் முருங்கைக்கீரையும் கேப்பையும் கல்லில் வேகும் வாசனை வந்தது.

கதவு முழுதாகத் திறந்தது. மாமியார் தட்டோடு கூடத்துக்கு வந்தார். தட்டில் இரண்டு அடை. பின்னால் வந்த மதினியிடம் நீட்டி, “சாப்பிடுங்க. மாப்பிள்ளை பிசைஞ்ச மாவு” என்றார்.

“அய்யோ, இன்னிக்குச் சனிக்கிழமைல்லா. நான் விரதம்.”

“வந்ததுமே ஒரு செம்பு கூழு குடிச்சீகளே?”

மதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். மாமியார் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஓர் அடையைப் பிய்த்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அதை முடித்து இரண்டாவதை எடுத்தார். அவர் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே தின்னத் துணியாத மாவு அது.

தட்டைக் காலி செய்துவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். கன்று முற்றத்தில்தான் இருந்தது, அதைக் கூப்பிடவில்லை.

“உப்பு பத்தல மாப்பிள்ளை. நாளைக்குக் கொஞ்சம் கூடப் போட்டுப் பிசைங்க.”

அன்று மாலை மகளை வலது கையில் வாங்கினேன். அவள் தலைமுடியின் மென்மை விரலுக்குத் தெரிந்தது. இதை எழுதுவதும் அந்தக் கைதான். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகின்றன. அந்த வீட்டுக்குப் போனால் இப்போதும் கண் முதலில் கதவின் ஓரத்துக்குத்தான் போகிறது. ஆனால் எனக்கு எதிரே அடை மென்ற அந்தக் காலையில்தான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். மேல் வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை.