படுத்துக்கொண்டு ஊதிய மூச்சு

கழுத்து போனது ஆடி மாதம். மூச்சு போய்விடுமோ என்ற பயம் வந்தது ஐப்பசியில். இரண்டில் எது கொடியது என்று கேட்டால், யோசிக்காமல் ஐப்பசி என்பேன்.

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். லாரியில் துணி ரோல் ஏற்றும்போது கால் வழுக்கித் தலைகீழாக விழுந்தேன். கழுத்தில் எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோளை அசைப்பேன், முழங்கையை மடக்குவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மனைவி மரகதம். கார்மெண்ட்ஸில் டெய்லர். தையல் நேராக வரும், கையெழுத்துக்கு நான் பொறுப்பில்லை.

இனி நடக்க முடியாது என்றபோது அழுதேன். ஆனால் பயப்படவில்லை. சளி பிடித்த பிறகுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. இருமித் துப்ப வயிற்றில் பலமில்லை. சளி நெஞ்சிலேயே நின்று கரகரவென்றது. டாக்டர் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்க வைத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்தபோது இன்னும் குறைந்திருந்தது. அடுத்த முறையும் இறங்கினால் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டிவரும், கொஞ்ச காலம் பேச்சு வராது என்றார். எனக்கு உடம்பில் மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதுவும் போனால் முருகனை எப்படிக் கூப்பிடுவேன் என்று நடுங்கிப் போனேன்.

மரகதம் கந்த சஷ்டி விரதம் இருந்தாள். காலையும் மாலையும் விளக்கேற்றி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து என்னை நிமிர்த்தி உட்கார வைப்பாள். எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டு சாமி கும்பிடும் வழக்கமே கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து உட்கார்ந்துதான் கைகூப்புவோம். உட்கார்ந்தால் மூச்சுக்கும் நல்லது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதனால் பூஜை முடிந்தும் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

நாளுக்கு நாள் குரல் சுருங்கியது. முருகா என்று ஆரம்பித்தால் பெயர் முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். என் குரல் அவனுக்கே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மரகதத்திடம் சொல்லவில்லை. பட்டினி கிடக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

சூரசம்ஹாரத்தன்று மறுபடி அளக்க வரச் சொன்னார்கள். அளக்கிற பெண்ணுக்கு ஜெயந்தி என்று பெயர். சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, ஊதச் சொன்னாள். ஊதினேன். திரையில் கோடு கொஞ்சம் எழும்பிப் படுத்துவிட்டது. அவள் எண்ணைக் குறித்துக்கொண்டாள். தொண்டையில் துளை நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முருகா, குழாய் வைப்பதற்குள் ஒரே ஒரு தடவை உன் பெயரை முழுசாகச் சொல்ல விடு என்று மனசுக்குள் கேட்டேன்.

உடனே கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது அடைத்தது. முடிந்தது கதை என்றே நினைத்தேன். ஜெயந்தி ஆள் கூப்பிட்டு என்னைக் கட்டிலில் மட்டமாகப் படுக்க வைத்தாள். இருட்டு விலகியது. கூடவே நெஞ்சும் லேசானது. என்னையும் அறியாமல், "முருகா" என்றேன். பெயர் முழுசாக வந்தது.

அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் தெளியவிட்டு, "அண்ணா, இப்படியே படுத்துட்டு ஒருக்கா ஊதுங்க" என்றாள்.

ஊதினேன். கோடு மேலே போனது. நம்பாமல் இன்னொரு தடவை ஊத வைத்தாள். அப்போதும் போனது. டாக்டரை அழைத்து வந்தாள்.

எனக்கு வயிற்றுத் தசை வேலை செய்யவில்லை. உட்கார்ந்தால் வயிறு முன்னால் சரிந்து, மூச்சிழுக்கும் தசையும் கீழே இறங்கி, பலமில்லாமல் தவிக்கிறது. படுத்தால் வயிறே அதை மேலே ஏந்திக்கொள்கிறது. மற்றவர்களுக்கு உட்கார்ந்தால் சுகம், என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் தலைகீழ். டாக்டர் இதைச் சொன்னபோது மரகதம் உடைந்துவிட்டாள்.

"சாமி கும்பிடத்தானுங்க உட்கார வெச்சேன். நானே இவிய மூச்சக் கொறச்சுப்போட்டனே."

"உங்க மேல தப்பில்லீங்கக்கா" என்றாள் ஜெயந்தி. "வயித்துக்கு பெல்ட் கட்டி உட்கார வைங்க. முடியாதப்ப படுத்துட்டே கும்பிடட்டும். சாமி கோவிச்சுக்காதுங்க."

ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றுக்கு பெல்ட் வந்தது. நான் இருமும்போது வயிற்றில் கைவைத்து அழுத்தித் தள்ள மரகதத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்தும் வேலை செய்தது. சளி வெளியேறியது. அடுத்த முறை அளந்தபோது, டாக்டர் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று மயக்கம் வந்தது ரத்த அழுத்தம் இறங்கியதால்தான் என்றார் டாக்டர். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்ட மறுநொடியே என்னைச் சாய்த்தவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மூச்சை அளக்கப் போகும் ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்கிறது. என்னைப் போல் படுக்கையில் கிடந்து பயப்படுகிற அடியார்களே, உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு விதமாகவும் மூச்சை அளந்து பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எழுந்து உட்கார முடியவில்லையே என்று அவனைக் கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அலமாரியில் இருந்த முருகன் படத்தை மரகதம் என் கட்டிலுக்கு நேர்மேலே கூரையில் ஒட்டிவிட்டாள். நான் எழ வேண்டியதில்லை. கண்ணைத் திறந்தால் அவன் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.